எதிரில் நிற்காதவர்

ஒரு தொழிற்சாலையிலோ பட்டறையிலோ பத்துப் பேரிடம் வேலை வாங்கும் பொறுப்பு ஒருவரிடம் வந்து சேரும்போது, அவர் நாள்தோறும் தீர்க்க வேண்டியவை பெரும்பாலும் சிறிய காரியங்களாகவே இருக்கின்றன: காலம் தாழ்ந்து வந்தவரை உள்ளே விடுவதா, ஷிஃப்ட் முடியுமுன் கேட் பாஸ் கேட்பவருக்குக் கையெழுத்திடுவதா, அளவு தப்பிய உருப்படிக்கு யாரைப் பொறுப்பாக்குவது, இருவருக்குள் மூண்ட வாய்ச்சண்டையில் யார் பக்கம் பேசுவது, தீபாவளிக்கு முதல் நாள் யாருக்கு விடுப்புத் தருவது. மேலாண்மை நூல்கள் இவற்றைத் திறமை சார்ந்த சிக்கல்களாகக் கொண்டு, பேசும் முறை, கேட்கும் முறை, பதிவு செய்யும் முறை என்று வழிகள் சொல்கின்றன. அவ்வழிகள் பயனற்றவை என்று கூற இடமில்லை. ஆயினும் இக்காரியங்கள் ஒவ்வொன்றின் அடியிலும் அறவியலின் மிகப் பழைய கேள்வியொன்று கிடக்கிறது. எல்லோரையும் ஒரே கோலால் அளப்பது அறமா, ஒவ்வொருவரையும் அவரவர் நிலையறிந்து நோக்குவது அறமா, இரண்டும் அறமே என்றால் ஒன்று மற்றொன்றை அழிக்காதிருக்க வழியுண்டா என்பதே அக்கேள்வி.

திருக்குறள் இவ்விரண்டுக்கும் தனித்தனியே பெயரும் இடமும் தந்திருக்கிறது. யார் பக்கமும் சாயாது துலாக்கோலின் நாவைப் போல நிற்கும் பண்பு நடுவு நிலைமை எனப்படும். அது அறத்துப்பாலில், இல்லறவியலில், 12ஆம் அதிகாரமாக வருகிறது. பழகியவரைக் கண்டபோது அவர் கேட்பதை மறுக்கமாட்டாமல் நெஞ்சு இளகும் பண்பு கண்ணோட்டம் எனப்படும். அது பொருட்பாலில், அரசியலில், 58ஆம் அதிகாரம். இன்றைய எழுத்துத் தமிழில் கண்ணோட்டம் என்னும் சொல் ஒரு பொருளைப் பார்க்கும் கோணம் என்ற அளவுக்குத் தேய்ந்துவிட்டது என்றாலும், பரிமேலழகர் கொண்ட பொருளில் அது ஒருவர் மேல் கண் சென்ற இடத்தில் பிறக்கும் இரக்கத்தையே குறித்தது. கண் ஓடுவதால் உண்டாவது என்பதுதான் அப்பெயருக்குக் காரணம்.

இந்த இட அமைப்பு நின்று நோக்கத் தக்கது. வீட்டில் இரக்கமும் ஆட்சியில் நடுநிலையும் வேண்டும் என்றே எவரும் எண்ணுவர். வள்ளுவரோ இல்லத்தில் வாழ்பவனுக்கு நடுவு நிலைமையையும், கோல் பிடித்தவனுக்குக் கண்ணோட்டத்தையும் விதிக்கிறார். செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை என்ற மூன்று அதிகாரங்களில் தண்டிக்கும் ஆற்றலின் அளவுகளைப் பேசி முடித்த உடனே கண்ணோட்டம் வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தண்டிக்க வல்லவன் யாரோ அவனுக்கே இரக்கம் ஒரு கடமையாகிறது என்ற கருத்துப் புலப்படும். அதிகாரம் இல்லாதவனுடைய இரக்கம் உணர்ச்சியோடு நின்றுவிடும். அதிகாரம் உள்ளவனுடைய இரக்கம் ஒரு தீர்ப்பாகிவிடும், அத்தீர்ப்பு வேறு யாரையோ தொடும். ஆகையால்தான், காரியம் கெடாதபடி இரங்கத் தெரிந்தவர்க்கே உலகம் உரியது என்ற நிபந்தனையையும் அவ்வதிகாரம் தன்னுள்ளே வைத்திருக்கிறது. உரையாசிரியர்கள் அரசனை நினைத்து விளக்கிய இந்நிபந்தனையின் முழுக் கடுமையும், இன்று ஒரு ஷிஃப்டைப் பொறுப்பேற்று நடத்தும் சூப்பர்வைசரின் மேசையில்தான் தெரியவருகிறது.

இதை ஆராயச் சென்னையின் மேற்குப் புறநகரைவிடத் தக்க களம் தமிழ்நாட்டில் அரிது. அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியதிலிருந்து, பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன் முதலிய உதிரிபாகத் தொழிற்சாலைகள் 1960களின் தொடக்கத்தில் எழுந்து, ஆவடியில் 1961இல் அடிக்கல் நாட்டப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலை 1965இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளிக்கொணர்ந்து, அதே பத்தாண்டில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் உருவாகி ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு, குறு நிறுவனங்களுக்கு இடமளித்தது வரை, பல வகை வேலையும் பல வகை நிர்வாகமும் ஒரே இரயில் பாதையின் இருபுறமும் அமைந்துவிட்டன. சங்கமும் குறைதீர்ப்புக் குழுவும் கொண்ட அரசுத் தொழிற்சாலையும், நான்கு லேத்துகளோடு ஜாப் ஒர்க் செய்யும் பட்டறையும் இங்கே ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கின்றன. இவற்றுக்கிடையே பாடியின் திருவலிதாயம், திருமுல்லைவாயில், திருவேற்காடு, திருநின்றவூர், பூவிருந்தவல்லி என்று பழைய தலங்கள் இருக்கின்றன. பூவிருந்தவல்லியை அடுத்த குன்றத்தூர், சேக்கிழார் பிறந்த ஊர். அவர் அநபாயன் எனப்பட்ட இரண்டாம் குலோத்துங்கனின் அமைச்சராக இருந்து உத்தம சோழப் பல்லவன் என்ற பட்டம் பெற்றவர். அதாவது, வாழ்நாளின் பெரும்பகுதியைப் பிறரிடம் வேலை வாங்குவதிலும் வழக்குத் தீர்ப்பதிலும் கழித்த ஒருவர். அப்படிப்பட்டவர் எழுதிய பெரிய புராணத்தில் குயவரும், வண்ணாரும், நெசவாளரும், எண்ணெய் ஆட்டுபவரும், வலை வீசுபவரும் தத்தம் தொழிலின் வழியாகவே இறைவனை அடைகிறார்கள் என்பதை நிர்வாகத்தைப் பற்றிப் பேசும் எவரும் எளிதாகக் கடந்துவிடக் கூடாது.

முதலில் விடுப்பு. இரண்டாம் ஷிஃப்டில் பிரஸ் ஓட்டும் ஒருவர், மகளுக்குக் காய்ச்சல் கூடிவிட்டதென்று இரவு எட்டு மணிக்கு சூப்பர்வைசர் முன் வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொண்டால், அவர் முகத்தைப் பார்த்த கணமே கண்ணோட்டம் பிறந்துவிடும்; கேட் பாஸில் கையெழுத்தும் விழுந்துவிடும். ஆனால் மறுநாள் காலை லாரி ஏற வேண்டிய சரக்கு இருப்பதால் பிரஸ் நிற்க முடியாது. முதல் ஷிஃப்ட் முடித்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த ஒருவருக்குத் தொலைபேசி போகிறது. அவர் திரும்பி வந்து டபுள் டூட்டி பார்க்கிறார். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்து வைத்த வழியில் மிகைநேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி உண்டு என்பது உண்மை. எனினும் அன்றிரவு அவருக்குப் போன உறக்கமும், அவர் வீட்டில் ஒத்திப்போடப்பட்ட காரியமும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அதைவிட முக்கியமாக, அந்த அழைப்பு பெரும்பாலும் எப்போதும் மறுக்காத ஒரே ஆளுக்கே போகிறது. மறுக்காமையே அவருக்குத் தண்டனையாகிவிடுகிறது. எட்டு மணிக்கு சூப்பர்வைசரின் எதிரில் நின்றவர் ஒருவர். அவர் பெற்ற இரக்கத்தின் விலையைக் கொடுத்தவர் எதிரில் நிற்காதவர்.

கண்ணோட்டத்தின் பெயரிலேயே அதன் குறையும் அடங்கியிருக்கிறது என்பதை இந்த எடுத்துக்காட்டு காட்டுகிறது. அது கண் சென்ற இடத்தில் பிறப்பது. கண் செல்லாத இடத்தில் பிறக்காது. எனவே எதிரில் நிற்பவருக்கு மட்டும் இரங்கும் நிர்வாகி, தன்னை இரக்கமுள்ளவர் என்று உண்மையாகவே நம்பிக்கொண்டு, நடுவு நிலைமையிலிருந்து வழுவியிருக்கலாம். இதற்கு மருந்து இரக்கத்தைக் கைவிடுவது என்று சிலர் முடிவு செய்கிறார்கள். விதி எல்லோருக்கும் ஒன்றே என்று எழுதி ஒட்டிவிட்டால் மனச்சுமை குறைகிறது என்பதும் மெய்தான். ஆனால் அந்த விதியும் கண் இல்லாமல் இயங்குவதே. ஷிஃப்ட் தொடங்கிப் பதினைந்து நிமிடத்துக்குப் பின் வருபவருக்கு அரைநாள் கூலி இல்லை என்ற விதி, கம்பெனி பஸ் வரும் தெருவில் வசிப்பவரையும், திருவள்ளூரிலிருந்து மின்சார இரயிலில் வருபவரையும் ஒரே அளவில் நடத்துவதாகத் தோன்றினும், இரயில் தாமதமாகும் நாளில் அது ஒருவரை மட்டுமே தாக்குகிறது. அளக்கும் கோல் நேராக இருந்தால் மட்டும் போதாது. அளக்கப்படும் தரை எப்படியிருக்கிறது என்பதையும் யாரேனும் பார்க்க வேண்டும். பார்ப்பது என்றாலே அது கண்ணின் வேலை.

ஆகவே நடுவு நிலைமையைக் காக்கக் கண்ணோட்டத்தைக் குறைக்க வேண்டியதில்லை, அதன் வீச்சை நீட்டவேண்டும் என்பதே இவ்வாராய்ச்சி வந்து நிற்கும் இடம். கேட் பாஸில் கையெழுத்திடும் முன், அதன் சுமை யார் தலையில் இறங்கும் என்ற கேள்வியோடு கண் அந்த இல்லாத ஆளிடமும் ஓட வேண்டும். இது சூப்பர்வைசர் ஒருவரின் நற்குணத்தால் மட்டும் ஆகக்கூடியதன்று. ஒவ்வொரு பிரிவிலும் மாற்றாள் ஒருவரை, தொழிற்சாலைப் பேச்சில் ரிலீவர் எனப்படுபவரை, எப்போதும் வைத்திருக்கும் செலவை நிறுவனம் ஏற்றால்தான் இரக்கத்துக்கு உரிய விலையை உரியவர் கொடுத்ததாகும். ரிலீவரைத் தராமல், ஆட்களிடம் மனிதத்தன்மையோடு நடந்துகொள்ளுங்கள் என்று சூப்பர்வைசர்களுக்கு வகுப்பு நடத்தும் நிறுவனம், பக்கத்து வீட்டுப் பானையிலிருந்து அன்னதானம் செய்யச் சொல்கிறது.

கண் சென்றும் ஓடாத நிலை ஒன்றும் உண்டு. அம்பத்தூர், பூவிருந்தவல்லிக் கடைவீதிகள் உட்படத் தமிழ்நாடெங்கும் துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் வேலை செய்யும் பெண்கள் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டேயிருந்தது எந்த முதலாளியின் பார்வையிலிருந்தும் மறைந்திருந்த செய்தியன்று. கல்லாவிலிருந்து நிமிர்ந்தால் தெரியும் காட்சி. ஆயினும் பணியாளர்க்கு இருக்கை தர வேண்டும் என்பதற்கு, கேரளம் 2018இல் வழி காட்டிய பின், 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. தொழிற்சாலைகளுக்கு இதையொத்த விதி 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, நின்று வேலை செய்வோர் கிடைக்கும் இடைவெளியில் உட்கார வசதி வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. ஒரு நாற்காலிக்குச் சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது என்பது, பார்த்துக்கொண்டேயிருப்பதற்கும் கண்ணோட்டத்துக்கும் உள்ள தொலைவை அளக்கும் துயரமான அளவுகோல்.

நிமிடங்களும் இருக்கைகளும் அற்பமானவை என்று கருதுவோர் சென்னைத் தொழிலாளர் வரலாற்றை நினைத்துப் பார்க்கலாம். 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு உருவான சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் பின்னணியில், பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களின் அன்றாடக் குறைகளே இருந்தன. பகலுணவு இடைவேளை போதவில்லை என்பது அவற்றுள் முதன்மையான ஒன்று. அக்குறைகளை முதலில் காது கொடுத்துக் கேட்டவர்கள் செல்வபதிச் செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும். அவர்கள் நடத்தியது பெரம்பூரில் வேங்கடேச குணாமிர்த வருஷிணி சபை என்ற சமயச் சொற்பொழிவு மன்றம். ஆலையின் உள்ளே ஒருவரும் கேளாததைப் பஜனை மடத்தில் கேட்டார்கள் என்பது தற்செயல் என்று தள்ளத் தக்கதன்று. அச்சங்கத்தில் துணைத் தலைவராகப் பொறுப்பேற்ற திரு.வி.க., போரூரை அடுத்த துள்ளத்தில் பிறந்து சைவ நூல்களில் ஆழ்ந்து பெரிய புராணத்துக்குக் குறிப்புரை கண்டவர். அவர் மனத்தில் அடியாரும் தொழிலாளியும் இரு வேறு மனிதர்களாக இருந்ததில்லை.

ஒரே கோலா, அவரவர் நிலையா என்ற கேள்விக்குச் சட்டமும் தன் வழியில் விடை தேடியிருக்கிறது. தொழிற்சாலையின் ஒழுங்கு விதிகளை எழுத்தில் வரையறுத்து, எது முறைகேடு, எதற்கு என்ன தண்டனை, விளக்கம் கேட்கும் முறை எது என்று எல்லோரும் அறியச் செய்வதற்கு நிலையாணைகள் என்று பெயர். அவற்றைக் கட்டாயமாக்கியது 1946ஆம் ஆண்டுச் சட்டம். அதன் கீழ் வகுக்கப்பட்ட மாதிரி நிலையாணைகள், தண்டனை விதிக்கும் அதிகாரி குற்றத்தின் கடுமையை மட்டுமன்றி, அத்தொழிலாளியின் முந்தைய பணிப்பதிவையும், குற்றத்தைக் குறைத்தோ கூட்டியோ காட்டும் பிற சூழல்களையும் கருத வேண்டும் என்றன. நடுவு நிலைமைக்காக எழுதப்பட்ட ஆவணத்துக்குள்ளேயே கண்ணோட்டம் ஒரு கட்டளையாகப் புகுந்துவிட்டதை இங்கே காணலாம். அபராதத்தைப் பற்றி 1936ஆம் ஆண்டுக் கூலி வழங்கல் சட்டம் இன்னும் நுட்பமாகச் சிந்தித்தது: அபராதம் கூலியில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, காரணம் சொல்ல வாய்ப்பளிக்காமல் விதிக்கக் கூடாது, வசூலான தொகை தனிப் பதிவேட்டில் ஏறித் தொழிலாளர் நலனுக்கே செலவாக வேண்டும். தண்டிப்பவன் தண்டனையால் இலாபம் பெறக் கூடாது என்ற இந்த ஏற்பாடு, எந்த நீதிநூலிலும் இடம்பெறத் தக்கது.

ஆனால் 1946ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாக 100 தொழிலாளருக்குக் குறையாத நிறுவனங்களைப் பற்றியதாக இருந்தது. 2020ஆம் ஆண்டுத் தொழிலுறவுத் தொகுப்பு அவ்வரம்பை 300ஆக உயர்த்தியது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பெரும்பாலான பட்டறைகளில் அவ்வளவு பேர் ஒருபோதும் இருந்ததில்லை. பன்னிரண்டு பேர் வேலை செய்யும் இடத்தில் நிலையாணையும் இல்லை, சங்கமும் இல்லை, மனிதவள அதிகாரியும் இல்லை; முதலாளியே மேலாளர், அவரே பல சமயம் காலையில் வந்து மெஷின் ஓட்டத் தொடங்குபவர். தொழிலாளியின் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை என்றால் அட்வான்ஸ் தருபவரும் அவர்தான், கோபம் வந்த நாளில் கணக்கு முடித்து அனுப்பிவிடுபவரும் அவர்தான். இங்கே கண்ணோட்டம் பெரிய தொழிற்சாலையைவிட மிகுதி, நடுவு நிலைமை குறைவு. அன்பும் அச்சமும் ஒரே முகத்திலிருந்து வருகின்றன. சிறு பட்டறையின் குடும்பப் பாங்கைப் புகழ்வோர், குடும்பத்தில் பிடித்த பிள்ளை, பிடிக்காத பிள்ளை என்ற வேறுபாடும் உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள். இல்லறவியலில் நடுவு நிலைமை வைக்கப்பட்டதன் காரணம் ஒருவேளை இங்கேதான் விளங்குகிறது.

அடுத்தது, தவறு நேரும்போது அதை யாருடையதாகக் கொள்வது என்பது. சைவ சித்தாந்தம் எந்தக் காரியத்துக்கும் மூன்று காரணங்கள் உண்டு என்று கூறும்: பொருளாக மாறி நிற்பது முதற்காரணம், அதற்குக் கருவியாக உதவுவது துணைக்காரணம், அறிந்து இயற்றுவது நிமித்த காரணம். குடம் என்ற காரியத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகுக்கு ஒரு கர்த்தா உண்டு என்று நிறுவுவதற்காகச் சித்தாந்திகள் கையாண்ட இப்பாகுபாடு, பட்டறையில் ரிஜெக்‌ஷன் விழும்போது வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. ஒரு ஷாஃப்ட் அளவு தப்பினால், இரும்புக் கம்பியின் கடினம் மாறியிருக்கலாம். அது முதற்காரணம் சார்ந்த குறை. டூல் தேய்ந்திருக்கலாம், பிடிக்கும் ஜிக் தளர்ந்திருக்கலாம், அளக்கும் கேஜ் சரிபார்க்கப்படாமல் இருந்திருக்கலாம், இவை துணைக்காரணம். இவையெல்லாம் இருக்க, மேலாளரின் கண் நேரே ஆபரேட்டர் மேல் போய் நிற்கிறது, ஏனெனில் மூன்று காரணங்களில் திட்டினால் தலை குனிவது அது ஒன்றுதான்.

பாடியின் தொழிற்சாலைகள் ஜப்பானியரிடமிருந்து கற்று இந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளப் பாடுபட்டன என்பது பெருமைக்குரிய வரலாறு. தரநிர்வாகத்துக்காக வழங்கப்படும் டெமிங் பரிசை 1998இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு பெற்றபோது, அதைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அதுவாயிற்று. 2004இல் லூகாஸ் டி.வி.எஸ். பெற்றது. அப்பரிசுக்குப் பெயர் தந்த எட்வர்ட்ஸ் டெமிங், 1986இல் வெளிவந்த தம் நூலில், தொல்லைகளில் 94 விழுக்காடு அளவுக்கு வேலை அமைப்பையே, அதாவது நிர்வாகத்தின் பொறுப்பையே, சாரும் என்று தம் அனுபவத்திலிருந்து மதிப்பிட்டார். ஏன் என்று ஐந்து முறை கேட்டு வேர்க்காரணத்தை அடையும் முறையும், ஆள், இயந்திரம், மூலப்பொருள், செய்முறை என்று காரணங்களை மீன்முள்போல் வரைந்து பார்க்கும் இஷிகாவாவின் முறையும் இன்று தொழிற்பேட்டையின் சிறு பட்டறைச் சுவர்களிலும் தொங்குகின்றன.

சித்தாந்தப் பாகுபாட்டை டெமிங்கின் மதிப்பீட்டோடு இணைத்துப் பார்த்தால், ஒரு திருப்பம் வெளிப்படுகிறது. சக்கரத்தின் வேகத்தை முடிவு செய்பவனே குயவன். மெஷினின் வேகம், ஒரு மணிக்கு இத்தனை உருப்படி என்ற இலக்கு, டூல் மாற்றும் இடைவெளி, எந்தக் கம்பியை வாங்குவது என்ற தேர்வு ஆகிய எதிலும் ஆபரேட்டருக்குச் சொல் இல்லாதபோது, அவரும் ஒரு துணைக்காரணமாகவே ஆக்கப்பட்டுவிடுகிறார். அறிந்து இயற்றும் நிமித்த காரணம் அலுவலக அறையில் உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் தொழிலாளியிடம் எந்தத் தவறும் இல்லையென்று ஆகுமா என்றால், அதுவும் சரியாகாது. எதற்கும் பொறுப்பில்லாதவர் என்று ஒருவரைக் கருதுவது அவரை இயந்திரத்தோடு சேர்த்து எண்ணுவதேயாகும். வேகத்தைக் குறைக்கச் சொல்லும் உரிமையும், சந்தேகம் வந்தால் லைனை நிறுத்தும் உரிமையும் தந்த பின் கேட்கப்படும் விளக்கமே நேர்மையான விளக்கம். அவற்றைத் தராமல் நீட்டப்படும் மெமோ, சக்கரத்தைப் பிரம்பால் அடிப்பதற்கு ஒப்பானது.

ஆயுத பூசையின் உட்பொருளும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. அம்பத்தூரிலும் பாடியிலும் அந்நாளில் இயந்திரங்களைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சாத்தி, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை வழங்குகிறார்கள். முதலாளியும் மேலாளரும் ஆபரேட்டரும் ஹெல்ப்பரும் ஒரே பக்கம் நின்று கைகூப்ப, எதிர்ப்பக்கத்தில் லேத் நிற்கிறது. துணைக்காரணத்தை வணங்கும் நாள் என்று அதைக் கூறலாம். ஆண்டு முழுவதும் மேலும் கீழுமாக நின்றவர்களை ஒரு கருவியின் முன் ஒரே வரிசையில் நிறுத்தும் வழக்கத்தைக் கண்டுபிடித்த சமூகம், வேலையைப் பற்றி ஆழமாகவே எண்ணியிருக்கிறது.

இலக்கைப் பற்றிய சிக்கல் இன்னும் கூர்மையானது. மாதக் கடைசி டிஸ்பாட்சுக்காக, சரிபார்க்காத உருப்படியைப் பெட்டியில் இடச் சொல்லும் மேலாளர், கம்பெனி நிலைத்தால்தானே எல்லோருக்கும் சம்பளம் என்று விளக்குகிறார். நல்ல நோக்கம் வழியைத் தூய்மையாக்குமா என்ற இக்கேள்விக்குத் திருவேற்காட்டில் ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. அவ்வூரில் பிறந்த மூர்க்க நாயனார், அடியாரை உண்பிக்கத் தம் செல்வமெல்லாம் தீர்ந்தபின், கற்றிருந்த சூதாட்டத்தால் பொருளீட்டி அத்தொண்டைத் தொடர்ந்தவர். மறுத்தாரை உடைவாளால் குத்தியதனால் அப்பெயர் பெற்றவர். நிர்வாகியாக இருந்த சேக்கிழார் இச்செயலின் கடுமையை மறைக்காமலே அவரை நாயன்மாருள் வைத்துப் பாடுகிறார். ஆனால் ஒரு செய்தியைக் கவனமாகக் குறித்துவிடுகிறார்: சூதில் வந்த பொருளை நாயனார் தமக்கென்று தீண்டவில்லை, அடியாரெல்லாம் உண்டபின் கடைப்பந்தியில்தான் அவர் உண்டார். மாதக் கடைசி இலக்கை எட்டினால் தம் பெயருக்கு இன்சென்டிவ் வரும் நிலையில் உள்ளவர், தாம் கையாளும் வழிக்கு நிறுவனத்தின் நலனைச் சான்றாகக் காட்டும் தகுதியை அப்போதே இழந்துவிடுகிறார்; கடைப்பந்தியில் அமர்பவரே அந்த வாதத்தைத் தொடவேனும் முடியும். அவர்கூட அதைத் தொடாதிருப்பது நன்று, பிரேக் உதிரிபாகம் ஒன்று பிழையாகப் போய்ச் சேரும் சாலையில் குத்துப்படுபவர் சூதில் அமர்ந்தவரல்லர்.

பூவிருந்தவல்லிக்குத் திரும்பினால், வேலைக்கும் கூலிக்கும் இடையிலான உறவைப் பற்றி வைணவ மரபு பாதுகாத்து வைத்திருக்கும் ஒரு செய்தி கிடைக்கிறது. அவ்வூரில் பிறந்த திருக்கச்சி நம்பி, காஞ்சிப் பேரருளாளனுக்குத் திருவாலவட்டம் எனப்படும் விசிறி வீசும் கைங்கரியம் செய்தவர். பெருமாள் அவரோடு நேரில் உரையாடுவார் என்பது மரபு. இத்தனை காலம் பணி செய்த தமக்கு வீடுபேறு உண்டா என்று அவர் ஒருநாள் கேட்டபோது, அவர் வீசியதற்குத் தாம் பேசியது சரியாகிவிட்டது என்று பெருமாள் விடை தந்ததாகக் கூறுவர். இவ்விடையைக் கேட்போர் அதன் கண்டிப்பில் திகைத்துப்போவது வழக்கம். ஆனால் அதில் மற்றொன்றும் இருக்கிறது. கணக்குப் பார்க்கும் அந்த இறைவனுடைய கணக்கிலும், பணி செய்பவனோடு பேசுவது கூலியாக எண்ணப்பட்டிருக்கிறது.

அதே நம்பியைப் பற்றிய மற்றொரு செய்தியில், இராமாநுசர் அவரைக் குருவாக மதித்து, அவர் உண்ட மிச்சத்தை உண்ணும் பேற்றை விரும்பி வீட்டுக்கு அழைத்துவிட்டு, அழைத்துவரத் தாமே ஒரு தெருவால் போக, நம்பி வேறு தெருவால் வந்து சேர்கிறார். வைசியர் குலத்தில் பிறந்த அவருக்கு அமுது படைத்த இராமாநுசரின் தேவி, அவர் சென்றபின் இலையை அகற்றி, இடத்தை மெழுகி, நீராடிப் புதிதாகச் சமைக்கத் தொடங்கினார் என்று குருபரம்பரைச் செய்திகள் கூறுகின்றன. அவர் எந்த விதியையும் மீறவில்லை. அக்கால ஒழுக்கத்தின்படி செய்ய வேண்டியவற்றை ஒன்று விடாமல் செய்தார். வந்தவர் யார் என்பதை மட்டும் பார்க்கவில்லை.

இன்று இப்புறநகரின் பட்டறைகளில் லோடு ஏற்றுபவரும், டை காஸ்டிங் உலையருகே நிற்பவரும், பஃபிங் தூசியில் வேலை செய்பவரும் ஒடிசா, பீகார், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து கான்ட்ராக்டர் மூலம் வந்தவர்களாகப் பெரிதும் இருக்கிறார்கள். அவர்களுடைய விடுப்பும், குறையும், உடல்நலக் கேடும் சூப்பர்வைசரிடம் நேரே வருவதில்லை. கான்ட்ராக்டர் ஒருவர் நடுவில் நின்று, தேவையானதை மட்டும் மொழிபெயர்த்துச் சொல்கிறார், பல நேரம் ஒருவருக்குப் பதில் மறுநாள் வேறொருவரை அனுப்பிவிடுகிறார். சட்டப்படி உரிய கூலி அவர்களுக்குச் சேர்ந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும், எட்டு மணிக்கு கேட் பாஸ் கேட்டு எதிரில் வந்து நிற்க முடியாதவர்கள் அவர்கள். அதைக் கேட்பதற்கான தமிழ்ச் சொல் அவர்களிடம் இல்லை, அவர்கள் சொல்லைக் கேட்கும் காது பட்டறையில் இல்லை. சில லைன்களில் சூப்பர்வைசர்கள் தாமாகவே நூறு இருநூறு இந்திச் சொற்களைக் கற்றுக்கொண்டு, காலையில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது ஊரில் மழையா, வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். இலக்கணம் பிழைபடும் அந்த இரண்டு வாக்கியங்களுக்கு எந்தச் சம்பளச் சீட்டிலும் பத்தி இல்லை; நம்பி விசிறி வீசிப் பெற்றது அதுதான்.